நோயாளியை எங்கே வைப்பது?

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாக்டீரியா, வைரஸ் தொற்றுகளைப் புரிந்துகொள்வது, வராமல் தடுப்பது, வந்தால் குணப்படுத்துவது என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஒரு மாலைக்குள் அடங்காத தலைப்பு. தாம்பரத்தில் நின்று பேசுவதால் அதைச் சுருக்கிக்கொள்ள எனக்கு ஒரு வழி கிடைக்கிறது. கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் நிலையத்துக்கு ஒரு மருத்துவமனையின் பெயர்தான். சானடோரியம் என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறோம், ஏறுகிறோம். அந்த வளாகத்தின் ஏறத்தாழ நூறாண்டுக் கதையில் ஒரு கொடிய பாக்டீரியாவும் ஒரு கொடிய வைரஸும் சந்தித்தன. தொற்றுநோய் மருத்துவம் தன்னைத்தானே திருத்திக்கொண்ட விதமும் அங்கேயே தெரிகிறது. அந்தக் கதை முழுவதிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுந்தது: தொற்று உள்ளவரை எங்கே வைப்பது? ஊருக்கு வெளியிலா, வீட்டிலா, எல்லோரும் வரும் மருத்துவமனையிலா? இன்று இந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய்க்கான சானடோரியத்தைத் தொடங்கினார். அப்போது 12 படுக்கைகள்தாம். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இதே போன்ற ஒரு சானடோரியத்தைப் பல ஆண்டுகள் நடத்திவிட்டு வந்தவர் அவர். 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் நம் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா என்ற ஐயம் பின்னாளில் எழுந்தது. அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் டி.ஏ.பி. யங், அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994-இல் எழுதினார். அது உண்மையானால், அன்றைக்கே மருந்து இருந்த ஒரு நோய்க்கு அவர் குளிர்காற்றில் படுக்கவைக்கப்பட்டார் என்று பொருள். தொற்று என்றால் முதல் வேலை எந்தக் கிருமி என்று உறுதி செய்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். கிருமி தெரிந்துவிட்டது. அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியதுதான் சானடோரியம்: திறந்த வெளி, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, நகரத்திலிருந்து தூரம். அன்றைய தாம்பரம் நகரத்துக்கு வெளியே இருந்தது. மரங்களும் வெட்டவெளியும் இருந்தன. சௌரிமுத்துவின் தேர்வு அந்தக் கால அறிவுக்கு முற்றிலும் பொருத்தமானது. 1937-இல் சானடோரியம் அரசின் கைக்கு வந்தது.

காற்றும் ஓய்வும் காசநோயைக் குணப்படுத்தவில்லை. சிலர் தேறினார்கள், பலர் இறந்தார்கள். என்றாலும் அந்தப் பெரிய சன்னல்களைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பவரும் அவருடைய குழுவினரும் காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றை மாடியில் வைத்திருந்த கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குக் குழாய் வழியே அனுப்பினார்கள். நோயாளிகளை ஒருமுறைகூடப் பார்க்காத அந்த விலங்குகளுக்குக் காசநோய் வந்தது. தட்டு, டம்ளர், துணி வழியாக இந்த நோய் வருவதில்லை, காற்றில் மிதக்கும் நுண்துகள் வழியாகத்தான் வருகிறது என்பது அதனால் நிலைபெற்றது. இன்னொன்றையும் அவர்கள் பார்த்தார்கள். சரியான மருந்தைத் தொடங்கிவிட்ட நோயாளிகளின் காற்று கினிப்பன்றிகளுக்கு அநேகமாகத் தீங்கு செய்யவில்லை. காசநோயாளிக்குத் தனித்தட்டு எடுத்துவைக்கும் வீடுகளை இன்றைக்கும் நான் பார்க்கிறேன். அதே வீட்டில் அவர் படுத்திருக்கும் அறையின் சன்னல் சாத்தியிருக்கும். பிரிக்க வேண்டியதில்லாத தட்டைப் பிரிக்கிறோம், திறக்க வேண்டிய சன்னலைத் திறப்பதில்லை.

இனி சேத்துப்பட்டுக்கு வருகிறேன். ராமானுஜன் 1920-இல் உயிர்நீத்த அதே சேத்துப்பட்டில், 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கியது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் முதல் ஆய்வை வழிநடத்தினார். ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் என்று மருந்துகள் வந்துவிட்டிருந்தன. இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கையில்லாதவர்களை என்ன செய்வது?

சென்னையின் நெருக்கமான, ஏழ்மையான பகுதிகளில் வாழ்ந்த 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். அங்கே ஓய்வு, நல்ல உணவு, செவிலியர் கவனிப்பு எல்லாம் கிடைத்தது. மற்றவர்கள் தங்கள் குடிசையிலேயே இருந்தார்கள். சாப்பாடு போதாது, ஓய்வு கிடையாது, பலர் வேலைக்கும் போய்வந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். வீட்டில் வைத்தால் குடும்பத்துக்குப் பரவிவிடும் என்ற பயத்துக்கும் விடை கிடைத்தது. ஐந்தாண்டுகள் குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்துக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. தொற்றவேண்டிய அளவுக்கு நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றிவிட்டது. மருந்து தொடங்கிய பிறகு பரவல் அடங்கிவிட்டது.

இந்தச் சிறிய ஆய்வு உலகத்தின் சானடோரியங்களைக் காலி செய்தது என்று சொன்னால் மிகையல்ல. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் காசநோய்க் கொள்கையைச் சென்னையின் குடிசை ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டன. நமக்கு இதைப் பற்றிய பெருமை போதாது என்பது என் எண்ணம். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இது ஒரு பாடமாக இருக்க வேண்டும்.

அந்த ஆய்வை உலகம் ஒரு இடத்தில் தவறாகவும் படித்தது. சாப்பாடு குறைவாக இருந்தும் குணமானார்கள் என்றால் சாப்பாடு முக்கியமில்லை என்று பொருள் எடுத்துக்கொண்டார்கள். மருந்து கிருமியைக் கொல்லும்போது உணவு இரண்டாம் இடத்துக்குப் போகிறது என்பதுதான் ஆய்வு காட்டியது. மருந்து தொடாத, கிருமியை உள்ளே உறங்கவைத்திருக்கும் உடலுக்கு உணவு என்ன செய்யும் என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை வர அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவாவின் குழு, நம் சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்கேற்போடு, காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயைத் தனியே எடுத்தால் 48 சதவிகிதம். ஒரு தடுப்பூசியிடம் நாம் எதிர்பார்க்கும் வேலையை அரிசியும் பருப்பும் செய்தன.

தடுப்பூசி என்றதும் நம் மாவட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. கிண்டியில் 1948-இலிருந்தே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் இருக்கிறது. 1968-இல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்த ஊசியின் பலன் சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகமே திடுக்கிட்டது. பிறந்த குழந்தைக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோய் வராமல் அது காக்கிறது. அதனால்தான் இன்றும் போடுகிறோம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

குணமாக ஆறு மாதம் ஏன் என்று ஒவ்வொரு நோயாளியும் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். பெரும்பாலான மருந்துகள் பெருகும்போதுதான் கிருமியைத் தாக்கும். முதல் இரண்டு மாத நான்கு மருந்துகள் வேகமாகப் பெருகும் கிருமிகளை அழித்துவிடும். காய்ச்சல் நிற்கும், பசி வரும், எடை ஏறும். உறங்கிக் கிடக்கும் கிருமிகள் அப்போதும் மிச்சம். அவை ஒவ்வொன்றாக விழிக்கும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த நான்கு மாதம்.

நான்கு மருந்து ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிருமி பெருகும்போது எழுத்துப்பிழை போலச் சில மாற்றங்கள் தற்செயலாக நேரும். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு கிருமி ஐசோநயாசிட்டுக்கு மசியாததாக இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்க முடியும். ஒரே மருந்து கொடுத்தால் மசியாதவை பிழைத்துக் குழியை நிரப்பிவிடும். இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி தற்செயலாகப் பிறக்க, கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் கிருமிகள் வேண்டும். அத்தனை ஒரு உடம்பில் இல்லை. சேர்த்துக் கொடுப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். நடுவில் நிறுத்துகிறவர் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறார். மருந்துக்கு மசியாத காசநோய் அப்படித்தான் உருவாகிறது. பிறகு அது காற்று வழியே அடுத்தவருக்கு முழு எதிர்ப்போடு போய்ச் சேருகிறது.

மற்றத் தொற்றுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா தனக்கென்று சுவர், தனக்கென்று இயந்திரம் உள்ள உயிரணு. ஆன்டிபயாடிக் அந்தச் சுவரையோ இயந்திரத்தையோ தாக்குகிறது. வைரஸுக்கு இரண்டும் இல்லை. அது நம் உயிரணுவின் இயந்திரத்தையே ஓட்டிப் பெருகுகிறது. ஐப்பசி மழையில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர்ப் பக்கம் வரும் காய்ச்சல்களில் பெரும்பகுதி வைரஸ் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அஸித்ரோமைசின் அதில் எதையும் செய்யாது. டெங்குவாக இருந்தால் பெரும்பாலும் பாராசிட்டமாலும் நீராகாரமும் ரத்தப் பரிசோதனையும் போதும். வலி தாங்காமல் ஐபுபுரோஃபன் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து. வெள்ளத்தில் நடந்த காலோடு வரும் எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது, அதற்கு டாக்சிசைக்ளின் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே காய்ச்சல். அதனால்தான் கடைக்காரரிடம் போகாமல் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக்கை வீணடிப்பதன் விலையை இந்த நகரம் அறியும். கடைசிக் கட்ட மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம். மரபணு கொண்ட பாக்டீரியாக்களைப் பற்றி 2010-இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. 2012-இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, கட்டுப்பாடு வேண்டும் என்று வகுத்த ஆவணத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர்.

சானடோரியத்துக்குத் திரும்புவோம். வீட்டிலேயே சிகிச்சை என்றான பிறகு அந்த வளாகத்துக்கு இனி என்ன வேலை என்று கேட்கும்படி இருந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில், வேலூர் சி.எம்.சி.யின் பரிசோதனை வழியாக, எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகள் வரத்தொடங்கினார்கள். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் சேர்க்க மறுத்த இடங்கள் பல. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வீட்டுத் திண்ணைக்கு என்று அவர்கள் தள்ளப்பட்டார்கள். 1993-இல் தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது.

இந்த முடிவை நான் மிகப்பெரிய மருத்துவச் செயலாகக் கருதுகிறேன். அன்று கையில் வைரஸ் மருந்து இல்லை. இருந்தது காசநோய் மருந்தும், உடன்வரும் மற்றத் தொற்றுகளுக்கான மருந்தும், தொட்டுப் பார்க்கும் கைகளும். அதுவே பலரைப் பிழைக்கவைத்தது. ஏனென்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களை வேறெதையும்விட அதிகமாகக் கொன்றது காசநோய்தான். உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி ஆரோக்கியமான ஒருவரில் வாழ்நாள் முழுவதிலும் நோயாக மாறும் வாய்ப்பு நூறில் ஐந்து முதல் பத்து. எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை இல்லையென்றால் ஏறத்தாழ அதே வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கிருமியை வளைத்துச் சிறைவைத்திருக்கும் சி.டி.4 அணுக்களைத்தான் அந்த வைரஸ் தேடி அழிக்கிறது. நெஞ்சக நோய் மருத்துவமனை ஒன்று எச்.ஐ.வி. மருத்துவமனையானதில் உடலியல் நியாயம் இருந்தது.

ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் வந்த இடங்களில் தாம்பரம் ஒன்று. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. கூட்டுமருந்தைத் தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் இருந்தது. இந்திய நிறுவனங்கள் விலையைப் பல மடங்கு குறைத்திராவிட்டால் அந்த இலவசம் சாத்தியமாகியிராது.

சேர்த்துக்கொண்டதால் புதிய சிக்கல்களும் வந்தன. காசநோயாளிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒருவரின் இருமல் மற்றவருக்கு எமன். சௌரிமுத்துவின் காற்றும் சன்னலும் மறுபடி முதல் கவலையாயின. காசநோய் மருந்தும் எச்.ஐ.வி. மருந்தும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ரிஃபாம்பிசின் ஈரலின் வேகத்தைக் கூட்டி, சில எச்.ஐ.வி. மருந்துகளை வேலை செய்யும் முன்பே வெளியேற்றிவிடும். இன்றைக்குப் பெரும்பாலும் கொடுக்கும் டோலுடெக்ராவிரை அதனால்தான் காசநோய்ச் சிகிச்சையின்போது இரண்டு வேளை தருகிறோம். எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட கிருமியின் மேல் உடல் ஒரேயடியாகப் பாய்ந்து காய்ச்சலும் வீக்கமும் கூடுவதுண்டு. மருந்து கெடுத்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதனால் முதலில் காசநோய் மருந்து, சில வாரங்களுக்குள் ஏ.ஆர்.டி., இரண்டுக்கும் முன்னால் இப்படி நடக்கலாம் என்று நோயாளிக்கு ஒரு விளக்கம். அந்த விளக்கமும் சிகிச்சையில் சேர்த்திதான். ஒழுங்காக மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. இது உறுதியான அறிவியல். மாணவர்கள் இதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், அந்தத் தொற்றைக் காரணம் காட்டி வேலையோ சிகிச்சையோ வீடோ மறுப்பதைத் தடை செய்கிறது.

எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு இப்போது ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் சிலவற்றைப் பார்க்கிறார்: உயரத்துக்கு எடை மிகவும் குறைவா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை முறை வாங்குகிறது, விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் எவ்வளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா. இதற்கு ஆய்வகம் வேண்டாம், சில நிமிடங்கள் போதும். ஆபத்து தெரிந்தால் உடனே மருத்துவமனைப் படுக்கை. மற்றவர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம். உணவுக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. வீட்டில் உடனிருப்பவர்களைச் சோதித்து, நோய் இல்லாவிட்டால் தடுப்பு மருந்தும் உண்டு. வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம். நன்றாக இருக்கும் ஒருவரை மாத்திரை சாப்பிடவைப்பது கடினம். செவிலியர்கள் அதற்காகப் படியேறி இறங்குகிறார்கள்.

இது வேலை செய்ய, வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். நம் புறநகரில் மெப்ஸ் தொழில் வளாகத்திலும் ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் இளைஞர்கள் ஒரு அறைக்கு ஐந்து, ஆறு பேர் என்று தங்கியிருக்கிறார்கள். ஏ.சி. போட்டதற்காக அல்லது கொசுவுக்காகச் சன்னல் மூடியிருக்கும். ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். அரசு மையத்தில் சளியை ட்ரூநாட் கருவியில் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமியும் தெரியும், ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்பதும் தெரியும். பரிசோதனை இலவசம், மருந்து இலவசம். அவர் போவதில்லை. தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம்.

இந்த அவையில் குடியிருப்போர் சங்கத்தினர் இருக்கிறீர்கள், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் இருக்கிறீர்கள். மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து தொற்று நின்றுவிடுகிறது. அதுவரை முகக்கவசம், திறந்த சன்னல், முடிந்தால் தனிப்படுக்கை. அந்த நிலையில் மருந்து எடுக்கும் ஒருவரை வெளியேற்றினால், பெருங்களத்தூரில் காலி செய்த அறையிலிருந்து அவர் கூடுவாஞ்சேரியில் இன்னொரு ஆறு பேர் அறைக்குப் போகிறார். நோயை மறைத்துத்தான் அங்கே இடம் வாங்குவார். பழைய மையத்தில் அவருடைய மருந்துப்பெட்டி வாங்க ஆளில்லாமல் கிடக்கும். புதிய அறையின் ஆறு பேருக்கும் பரிசோதனை வேண்டும் என்று எந்தச் செவிலியருக்கும் தெரியாது.